மின்சாரக் கோப்பும் இணையக் கோப்பும்: நெடுந்தீவிலிருந்து ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத் தீவகத்தின் மின்சாரத்துக்கும் தொலைத்தொடர்புக்கும் திட்டம் வகுக்கும் அதிகாரிகளுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்கும் பொறுப்பிலுள்ளோருக்கும்,

வணக்கம்.

நான் நெடுந்தீவில் பிறந்து, இடையில் சில ஆண்டுகள் பெருநிலத்தில் இருந்துவிட்டு, மறுபடியும் இங்கேயே வந்து வாழ்கிறவன். எங்கள் ஊரில் இரவில் விசிறி நின்றால் மின்சாரம் போய்விட்டது என்று அறிவோம். அதன்பின் எவ்வளவு நேரத்தில் கைத்தொலைபேசியின் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன என்பதை வைத்து, தொலைபேசிக் கோபுரத்தின் அடியிலுள்ள பற்றரிகள் எவ்வளவு தளர்ந்துவிட்டன என்று சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். புதிதாகப் பற்றரி மாற்றிய சில மாதங்களுக்கு விடியும்வரை தாக்குப்பிடிக்கும். பிறகு நள்ளிரவு வரை. அதற்கும் பிறகு, இரவுச் சாப்பாடு முடிவதற்குள் ஊர் ஊமையாகிவிடும். உங்கள் அலுவலகங்களில் மின்சாரத்துக்கு ஒரு கோப்பும் இணையத்துக்கு இன்னொரு கோப்பும் வெவ்வேறு மேசைகளில் இருக்கின்றன. கடல் சூழ்ந்த ஓர் ஊரில் அவை இரண்டும் ஒரே விடயம் என்பதைச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

தீவகம் என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாத் தீவுகளும் ஒரே நிலையில் இல்லை. மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவற்றுக்குக் கடலுக்குக் குறுக்கே வீதி போகும் தாம்போதிகள் உண்டு. வீதி போன இடத்துக்கு மின்கம்பமும் போயிற்று, கம்பம் போன இடத்துக்குத் தொலைபேசிக் கம்பியும் போயிற்று. குறிகட்டுவான் இறங்குதுறையில் அந்த வசதி முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, கடைசியாக ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் நெடுந்தீவு. தேசிய மின்வலையமைப்பு எங்களைத் தொடுவதில்லை. ஒவ்வொரு தீவும் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே பிறப்பித்துத் தானே தீர்த்துக்கொள்ள வேண்டும். கூடுதலாக இருந்தால் விற்க இடமில்லை. குறைந்தால் கடன் வாங்க அயலில்லை.

இருட்டு எங்களுக்குப் புதியதல்ல. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றபின், மண்ணெண்ணெய் பவுனைப் போல விலைபோன காலத்தில், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் இரண்டு கரண்டி எண்ணெயும் விட்டு ஒரு சின்னத் திரியை ஏற்றிப் படித்த தலைமுறை எங்களுடையது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். நினைத்துப் பார்த்தால், சுற்றியவன் களைத்தால் செய்தியும் நின்றுவிடும் அந்தச் சைக்கிளில்தான் மின்சாரமும் தகவலும் ஒன்று என்ற பாடத்தை முதலில் படித்திருக்கிறோம்.

போருக்குப் பின் எங்களுக்குக் கிடைத்தது டீசல் மின்சாரம். டீசல் மின்பிறப்பாக்கி மோசமான இயந்திரம் என்று சொல்ல மாட்டேன். சொன்ன நேரத்தில் இயங்கும், பழுது பார்க்கத் தெரிந்த கைகள் எங்கும் உண்டு. ஆனால் அதன் கணக்கு தீவுக்குப் பொருந்தாத கணக்கு. நல்ல சுமையில் ஓடும்போது ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறக்குறைய 0.3 லீற்றர் டீசல் போதும். எங்கள் ஊரிலோ மாலை ஆறரைக்கு எல்லா வீடுகளிலும் விளக்கு எரியும். இரவு பதினொன்றுக்குப் பிறகு சில விசிறிகளும் குளிர்சாதனப் பெட்டிகளும்தான். அந்தச் சின்னச் சுமைக்காகப் பெரிய இயந்திரம் இரவு முழுவதும் அரைத்தூக்கத்தில் ஓடும்போது, அலகுக்கான எரிபொருள் செலவு ஏறுகிறது, சரியாக எரியாத டீசல் கரியாக உள்ளே படிகிறது, இயந்திரத்தின் ஆயுள் குறைகிறது. இத்தனைக்கும் அந்த டீசல் ஒவ்வொரு லீற்றரும் கடல் கடந்து வர வேண்டும். 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, நாள் ஒன்றுக்குப் 13 மணி நேர மின்வெட்டு வந்ததைக் கொழும்பு மறந்திருக்காது. தீவில் வாழ்பவருக்கோ, விளக்குக்குத் தேவையான அதே எரிபொருள்தான் படகுக்கும் தேவை. ஒன்று தீர்ந்தால் இரண்டும் நிற்கும்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒன்றும் உண்டு. நெடுந்தீவு சுண்ணக்கல்லால் ஆன தீவு. எங்கள் வேலிகளே முருகைக் கற்களால் அடுக்கியவை. மேலே சிந்தும் டீசலை வடிகட்டித் தடுக்க இங்கே ஆழமான மண் இல்லை. அது நேரே நிலத்தடி நீருக்குள் போகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் தீர்ப்பான பிறகும், அயலிலுள்ளவர்கள் தங்கள் கிணற்றைச் சந்தேகத்தோடு எட்டிப் பார்க்கும் பார்வை மாறவில்லை. எங்களுக்கோ நல்ல தண்ணீர்க் கிணறுகளே அருமை. உவர்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்துக்கும் மின்சாரம் வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணினால், டீசல் எங்கள் தண்ணீரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருப்பது விளங்கும்.

ஆகவே காற்று, சூரியன், மின்கலம், டீசல் நான்கையும் ஒன்றாக இணைக்கும் கலப்பு மின்திட்டம் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் வருகிறது என்று கேட்டபோது நாங்கள் மகிழ்ந்தோம். அதன்பின் நடந்ததை நீங்களே அறிவீர்கள். 2021 ஜனவரியில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுடன் ஒரு சீன நிறுவனக் கூட்டுக்கு அந்த வேலையைக் கொடுக்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து 50 கிலோமீற்றர் அளவிலேயே இருக்கும் தீவுகளில் சீன நிறுவனம் காலூன்றுவதை இந்தியா எதிர்த்தது. அந்த ஆண்டு முடிவதற்குள், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்ததுடன், அதே நிறுவனம் மாலைதீவின் 12 தீவுகளில் சூரிய மின்நிலையங்கள் அமைக்க ஒப்பந்தம் செய்துகொண்டது என்ற செய்தியும் வந்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச் 1ஆம் திகதி, 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில், பெங்களூர் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம். எங்கள் மண்ணில் யார் சூரியத் தகடு பூட்டுவது என்பதில் இரண்டு பெரிய நாடுகளுக்கு இத்தனை அக்கறை இருந்ததே என்று ஊரில் சிலர் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். அந்த மூன்று ஆண்டுகளும் நாங்கள் டீசலைத்தான் எரித்துக்கொண்டிருந்தோம் என்பதை மட்டும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

ஒப்பந்தத்திலுள்ள எண்களை ஆறுதலாகப் பார்க்க வேண்டும். மூன்று தீவுகளுக்கும் சேர்த்துக் காற்றாலை 530 கிலோவாற்று, சூரியத் தகடுகள் 1,700 கிலோவாற்று, மின்கலத் தொகுதி 2,400 கிலோவாற்று மணி, மாற்று ஏற்பாடாக டீசல் 2,500 கிலோவாற்று. காற்றையும் சூரியனையும் கூட்டினாலும் 2,230தான். டீசல் அதைவிடப் பெரியது. இதைப் பார்த்து, பெயருக்குத்தான் பசுமை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை, ஏனென்றால் எங்கள் காற்றை எனக்குத் தெரியும். வைகாசி தொடங்கிச் சோளகம் எனும் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் பனையோலைகள் இரவு பகலாக அடித்துக்கொள்ளும். அந்தக் காற்றுக்கு ஆலைகள் சுழன்று தள்ளும். பங்குனி, சித்திரையில் காற்று படுத்துவிடும், வெயில் மிஞ்சும். சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில்தான். சோளகம் ஓய்ந்திருக்கும், வாடைக் காற்று இன்னும் பிடித்திராது, வானம் முழுக்க முகில். அந்த நாட்களில் தகடும் ஆலையும் சேர்ந்தே சோர்ந்துவிடக்கூடும். கடல் கொந்தளித்துப் படகு ஓடாமல் போவதும் அதே பருவத்தில்தான். எனவே டீசல் இருக்கட்டும். அந்தப் பருவத்துக்கு வேண்டிய எரிபொருள், கடல் அடங்கியிருக்கும் புரட்டாதிக்குள் வந்து சேர்ந்துவிடுமா என்பதே எங்கள் கேள்வி. அதை ஒப்பந்தத்தின் எண்கள் சொல்லவில்லை.

இனி அந்த 2,400 கிலோவாற்று மணியைப் பாருங்கள். எங்கள் மின்பட்டியலின் மொழியில் அது 2,400 அலகு. மூன்று தீவுகளிலும் ஆயிரம் வீடுகள் ஓர் இரவுக்குத் தலா இரண்டு அலகு செலவழித்தாலே 2,000 போய்விடும்; மின்கலத்தை அடிவரை வறளவிட்டால் அதன் ஆயுள் குறையும் என்பதால் முழு 2,400உம் கைக்கு வராது. இந்த நெருக்கடியான கணக்குக்குள் தொலைத்தொடர்புக் கோபுரத்துக்கு யார் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்? ஒரு கோபுரத்துக்கு இரண்டு கிலோவாற்று வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பத்து மணி நேர இரவுக்கு 20 அலகு. மின்கலத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. அவ்வளவு சிறிய தொகைதான் ஊர் பேசுவதற்கும் ஊமையாவதற்கும் நடுவே நிற்கிறது. சுமை மிஞ்சும்போது எந்தத் தடத்தை முதலில் வெட்டுவது, எதைக் கடைசிவரை காப்பது என்று கலப்பு மின்திட்டத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு வரிசை எழுதப்படும். வைத்தியசாலை, குடிநீர் இயந்திரம், கோபுரம் ஆகிய மூன்றும் கடைசிவரை காக்கப்படும் தடத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. திட்டத்தை வடிவமைக்கும்போது இதற்குச் செலவு இல்லை என்றே சொல்லலாம். எல்லாம் பூட்டி முடிந்தபின் கேட்டால், வீதியைத் தோண்டிப் புதிய கேபிள் புதைக்க வேண்டியிருக்கும்.

ஏன் கோபுரத்துக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் படகுக்கு முன்பே தேவைப்படுவது தொலைபேசிதான். சில ஆண்டுகளுக்கு முன் என் அயல் வீட்டில் அப்படி ஓர் இரவு வந்தது. மின்சாரம் போயிருந்தது, சிக்னலும் இல்லை. வைத்தியசாலைக்கு ஒருவரும், படகு வைத்திருப்பவரின் வீட்டுக்கு இன்னொருவருமாக, இரண்டு பெடியன்களைச் சைக்கிளில் அனுப்பினோம். நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆனால் இறங்குதுறையில் படகு ஏற்பாடாகிவிட்டதா இல்லையா என்று தெரியாமல், அவரை ஏற்றிய வாகனத்தின் முன்விளக்கை அணைக்காமல் நாங்கள் வீதியில் காத்துநின்ற நேரத்தை எனக்கு இன்னும் மறக்க முடியவில்லை. யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்றிரவு அங்கே குற்றம் செய்த ஆளே இல்லை; பழைய பற்றரி மட்டும்தான் இருந்தது.

இணைப்பின் மறுபாதி, கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குத் தாவும் நுண்ணலை எனும் வானொலி அலையாகக் கடலுக்கு மேலால் வருகிறது. கடலுக்கு மேலால் நுண்ணலையை அனுப்புவது நிலத்துக்கு மேலால் அனுப்புவதைப் போன்றதல்ல. அசையாத நீர்ப்பரப்பு கண்ணாடியைப் போல அலையைத் திருப்பியடிக்கும். நேரே வந்த அலையும் நீரில் பட்டு வந்த அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் நேரங்கள் உண்டு. கடல் குளம்போலக் கிடக்கும் மாலைகளில் இணையம் இழுபடுவதைப் பார்த்து, அலையே இல்லையே, ஏன் இப்படி என்று எங்கள் பிள்ளைகள் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதற்குப் பரிகாரம் பொறியியலில் உண்டு: ஒரே கோபுரத்தில் வெவ்வேறு உயரங்களில் இரண்டு தட்டு அன்ரனாக்களைப் பூட்டினால், ஒன்று சோரும் வேளையில் மற்றது பிடித்துக்கொள்ளும். பெருநிலத்துக் கோபுரத்துக்கு எழுதிய அதே விலைமனுவைத் தீவுக் கோபுரத்துக்கும் பிரதியெடுக்கும்போது இந்த இரண்டாவது தட்டு காணாமற்போகிறது.

கேபிள் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு, நானும் கேட்கிறேன். சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு 2,300 கிலோமீற்றர் நீளக் கடலடி ஒளியிழைக் கேபிள் 2020 ஓகஸ்டில் இயங்கத் தொடங்கியது. கொச்சியிலிருந்து இலட்சத்தீவுகளுக்கு 2024 ஜனவரியில் இன்னொன்று. அவற்றோடு ஒப்பிட்டால் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு கூப்பிடு தூரம். ஆனால் கடலடிக் கேபிளுக்கு எங்கள் கடலில் ஒரு தனி எதிரி இருக்கிறது; அடித்தளத்தை வழித்துக்கொண்டு போகும் இழுவைமடி எனும் மீன்வலை. பாக்கு நீரிணையில் இழுவைமடிப் பிரச்சினை தீராதவரை, ஆழமாகப் புதைக்காத எந்தக் கேபிளும் நிலைக்கும் என்று நான் நம்பவில்லை. என்றாலும், நயினாதீவுக்கு என்றாவது மின்கேபிள் ஒன்றைப் புதைக்க நீங்கள் முடிவெடுத்தால், ஒளியிழையையும் அதே உறைக்குள் வைத்துவிடுங்கள். கடலைத் தோண்டுவதற்குத்தான் காசு, இழைக்கு அல்ல. இரண்டு கோப்புகளும் ஒரே மேசைக்கு வராவிட்டால், முதலில் மின்சாரக்காரர் தோண்டி மூடுவார், ஐந்து வருடம் கழித்துத் தொலைத்தொடர்புக்காரர் தோண்ட வருவார்.

ஒரே இணைப்பை நம்பினால் என்ன நேரும் என்பதைப் பசிபிக் பெருங்கடலின் தீவு நாடான தொங்காவின் (Tonga) மக்களைக் கேட்க வேண்டும். 2022 ஜனவரி 15ஆம் திகதி கடலடி எரிமலை வெடித்து அவர்களின் கேபிள் அறுந்தபோது, வெளியுலகோடு அதைத் திரும்ப இணைக்க ஐந்து வாரம் பிடித்தது. உள்நாட்டுத் தீவுகளுக்குப் போகும் கேபிள் மீள 2023 ஆகிவிட்டது. தாய்வானின் மாட்சு தீவுகளில் 2023 பெப்ரவரியில் ஒரு வார இடைவெளியில் இரண்டு கேபிள்களும் அறுந்தன. ஏறக்குறைய 50 நாட்கள், மெல்லிய நுண்ணலை இணைப்பு ஒன்றுதான் அவர்களைத் தாங்கியது. ஆகவே எது வந்தாலும் மற்றதைக் கழற்றிவிடாதீர்கள் என்பதே எங்கள் நிலைப்பாடு. இப்போது இலங்கையிலும் சேவைக்கு வந்துள்ள ஸ்டார்லிங்க் போன்ற செயற்கைக்கோள் இணையத்தையும் அந்த வகையில்தான் பார்க்கிறேன். மீன்பிடித்து வாழும் குடும்பம் ஒவ்வொன்றும் அதை வாங்கிக்கொள்ளும் என்று யாராவது திட்டவரைபில் எழுதினால், அவர் எங்கள் ஊருக்கு வந்ததில்லை என்று பொருள். ஆனால் வைத்தியசாலை, பாடசாலை, பிரதேச செயலகம் ஆகிய மூன்றின் கூரையிலும் தனித்தனியே ஒன்று, தனக்கென்று ஒரு சிறு சூரியத் தகட்டோடு இருந்தால், புயல் நாட்களில் தீவு முற்றிலும் துண்டிக்கப்படாது.

பராமரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் அனுபவம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. எழுவைதீவில் காற்றும் சூரியனும் மின்கலமும் டீசலும் சேர்ந்த சிறிய தொகுதி ஒன்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு முன்பே அமைக்கப்பட்டது. எங்கள் மூன்று தீவுகளின் திட்டத்துக்கு அது முன்னோடி. இப்படிப்பட்ட தொகுதியில் பழுதாவது பெரும்பாலும் பெரிய பொருளாக இருப்பதில்லை. உப்புக்காற்றில் பொரிந்துபோன ஓர் இணைப்பு, இன்வேட்டர் எனும் மின்மாற்றுக் கருவிக்குள் கருகிய ஒரு சுற்றுப்பலகை, காற்றாலையில் துருப்பிடித்த ஒரு சுழல்தாங்கி. அதை மாற்ற அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேர வேலைக்கு ஆள் வர யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒரு பயணம், பொருள் வர வெளிநாட்டிலிருந்து ஒரு கப்பல், இடையில் கடல் கொந்தளித்தால் இன்னும் ஒரு வாரம். ஸ்கொட்லாந்தின் எக் (Eigg) தீவில் நூறு பேர் அளவில்தான் வாழ்கிறார்கள். 2008 பெப்ரவரியில் அவர்கள் தங்களுக்கென்றே காற்று, நீர், சூரியன் மூன்றும் சேர்ந்த மின்வலையை அமைத்தபோது, பயிற்சி பெற்ற தீவுவாசிகளே அதைப் பராமரிக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் ஐந்து கிலோவாற்றுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று தங்களுக்குத் தாங்களே எல்லையும் வைத்துக்கொண்டார்கள். ஒரு சமூகம் தன் மின்சாரத்தை எண்ணிச் செலவழிக்கக் கற்றுக்கொள்வது வெளியிலிருந்து வரும் கட்டளையால் நடப்பதல்ல. கட்டுப்பாட்டுப் பெட்டியின் சாவி தன் ஊரில் இருந்தால்தான் நடக்கும்.

எங்கள் தீவில் உயர்தரம் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் இளையவர்கள் உண்டு. தீவுக்கு இரண்டு பேரைத் தெரிவுசெய்து, காற்றாலையின் சுழல்தாங்கி முதல் நுண்ணலைத் தட்டின் திசை வரை இரண்டு துறைக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுங்கள். மின்சாரத்துக்கு ஒருவர், தொலைத்தொடர்புக்கு ஒருவர் என்று பிரித்தால் இருவருக்கும் முழுநேர வேலை இராது, இருவரும் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். உதிரிப் பாகங்களை யாழ்ப்பாணக் களஞ்சியத்தில் வைக்காமல் தீவிலேயே ஓர் அறையில் வையுங்கள். அந்த அறையின் பட்டியல் ஒவ்வொரு தையிலும் சரிபார்க்கப்படட்டும். நன்கொடை வந்து நாடா வெட்டும் நாளில் எல்லாப் பொருளும் புதிதாக இருக்கும். மின்கலத்தைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாற்றத்தான் வேண்டிவரும். அந்த ஆண்டில் நன்கொடை கொடுத்த நாடு வராது. அதற்கான பணத்தை இப்போதிலிருந்தே, மிச்சமாகும் டீசல் செலவிலிருந்து ஆண்டுதோறும் தனிக்கணக்கில் ஒதுக்குவதாக எழுத்தில் தாருங்கள். கழித்த மின்கலம் எந்தப் படகில், யார் பொறுப்பில் தீவைவிட்டு வெளியேறும் என்பதும் அதே பத்திரத்தில் இருக்கட்டும். மேலே சொன்ன சுண்ணக்கல் அதற்கும் பொருந்தும்.

இன்னொன்றும் கேட்கிறோம். இறங்குதுறையில் ஒரு பலகை. அந்த மாதம் எத்தனை லீற்றர் டீசல் எரிந்தது, காற்றிலும் வெயிலிலும் எத்தனை அலகு கிடைத்தது, மின்சாரம் எத்தனை மணி நேரம் நின்றது, கோபுரம் எத்தனை மணி நேரம் நின்றது என்று நான்கு எண்கள். சுண்ணாம்புக் கட்டியால் எழுதினாலும் போதும். படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் எங்கள் ஊரார் வாசிக்க அதைவிடச் சுவாரசியமான ஒன்று கிடைக்காது. அந்த நான்கு எண்களையும் ஒரே பலகையில் எழுத வேண்டுமென்றால், உங்கள் இரண்டு கோப்புகளும் மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒரே மேசையில் சந்தித்தே ஆக வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் குழுக்கள் எங்கள் தீவுக்கு வருவது உண்டு. காலைப் படகில் வந்து, பிரதேச செயலகத்தில் இளநீர் குடித்து, மின்நிலையத்தையும் பெருக்குமரத்தையும் குதிரைகளையும் பார்த்துவிட்டு, பிற்பகல் படகில் திரும்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் விசிறிகள் சுற்றும், கைத்தொலைபேசியில் கோடுகள் முழுமையாக இருக்கும். அடுத்த தடவை ஐப்பசியில் வாருங்கள், வந்தால் ஓர் இரவு தங்குங்கள். தங்க இடம், சாப்பாடு எங்கள் பொறுப்பு. மின்சாரக்காரர் ஒருவர், தொலைத்தொடர்புக்காரர் ஒருவர், இருவரும் ஒரே வீட்டில் தங்கும்படி பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெடுந்தீவு மத்தியிலிருந்து ஒரு மின்பாவனையாளர்